அடிப்பிடித்த அண்டாவும் ஒரு சொம்புத் தண்ணீரும்

(இளம் அறிவியல், வேதியியல், இரண்டாம் ஆண்டு)

கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டால் நண்பர்கள் நிலவைப் பற்றி எழுதுகிறார்கள். காதலைப் பற்றி எழுதுகிறார்கள். நாளைய பாரதத்தைப் பற்றி எழுதுகிறார்கள். எழுதட்டும்! நிலவும் வேண்டும், காதலும் வேண்டும், நாளைய பாரதம் கட்டாயம் வேண்டும். ஆனால் இவற்றையெல்லாம் பேசி முடித்து வீடு திரும்பியதும் நாம் முதலில் எட்டிப் பார்ப்பது அடுக்களையில் இருக்கும் சோற்றுப் பானையைத்தான். அந்தப் பானை அடிப்பிடித்துப் போனால் அதைத் துலக்குகிறவர் யார், எதைக் கொண்டு துலக்குகிறார், எவ்வளவு நேரம் துலக்குகிறார் என்று எவரும் கட்டுரை எழுதியதாகத் தெரியவில்லை. ஆகவே அந்தப் பணியை நான் மேற்கொள்கிறேன்.

தலைப்பைப் பார்த்துச் சிரிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். இது சமையல் குறிப்பு அன்று. வேதியியல் மாணவன் ஒருவன் தன் பாடத்தைத் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தேடிய கதை. சிரிப்பை இறுதிவரை ஒத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடிப்பிடித்தல் என்பது என்ன? சோறோ பாயசமோ கொதித்துக்கொண்டிருக்கும் வரையில் அதிலுள்ள தண்ணீர் ஒரு காவற்காரன் போல நிற்கிறது. தண்ணீர் தாராளமாக இருக்குமட்டும் உள்ளே வெப்பம் 100 டிகிரி செல்சியசைப் பெரிதும் தாண்டுவதில்லை. பாத்திரத்தின் அடியில் ஏதோ ஓரிடத்தில் தண்ணீர் வற்றிவிட்டால் அங்கே காவல் நீங்கிவிடுகிறது. வெப்பம் 150, 200 என்று ஏறுகிறது. சர்க்கரையும் புரதமும் கூடிப் பழுப்பேறுகின்றன. இந்த வினையை 1912ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலர். தோசை முறுகலாக மணப்பதும், காப்பிக் கொட்டை வறுபடும்போது தெருவே மணப்பதும் இந்த வகை வினைகளால்தான். அளவோடு நின்றால் அது மணம். அளவு மீறினால் அதுவே காந்தல். இன்னும் சூடேறினால் நீரும் புகையும் வெளியேறிக் கரி மட்டும் எஞ்சுகிறது. எண்ணெய்ப் பசை இருந்தாலோ, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அரக்குப் பூசியதுபோல் இறுகிவிடுகின்றன.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். கரி என்பது நம் வீட்டிலுள்ள எந்தப் பொருளிலும் கரையாது. புளியிலும் கரையாது; சோடாவிலும் கரையாது. அப்படியானால் நாம் துலக்குவது எதை? கரியைப் பாத்திரத்தோடு பிடித்து வைத்திருக்கும் பசையை. முழுதும் கருகாத மாவுப்பொருளும் புரதமும் எண்ணெயுமே அந்தப் பசை. அது ஊறி இளகிவிட்டால் கரி தானாகப் பெயர்ந்து வரும். ஊறாவிட்டால் மனிதக் கைதான் அதைப் பெயர்க்க வேண்டும். அடிப்பிடித்த பாத்திரத்தின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

மனிதக் கை என்றேன். யாருடைய கை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தாயார் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் பாத்திரம் விளக்கும் வேலை செய்கிறார். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. என் ஆய்வகக் குறிப்பேடும், நான் அணிந்திருக்கும் இந்தச் சட்டையும் அந்த அண்டாக்களின் அடியிலிருந்து சுரண்டி எடுக்கப்பட்டவைதாம்.

முகூர்த்த மாதங்களில் மண்டபத்தின் பின்கட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரவு வரவேற்புக்குச் சமைத்த அண்டாக்கள் பதினோரு மணிக்குத் துலக்க வரும். அதே அண்டாக்கள் காலைச் சிற்றுண்டிக்காக மூன்று மணிக்கு அடுப்பேற வேண்டும். ஊற வைக்க நேரம் ஏது? கருகிய பாத்திரத்துக்கு முதல் மருந்து நேரம். ஆனால் துலக்குகிறவர்களுக்கு இல்லாத ஒன்றும் அதுதான். ஆகவே கம்பிச் சுருளும் கைவலியுமே அங்கே மருந்து.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்து முகூர்த்தம் ஒன்றில் சேமியாப் பாயசம் அடிப்பிடித்துவிட்டது. பெரிய அலுமினிய அண்டா. மேற்பார்வை பார்ப்பவர் வெண்ணிறச் சில்லுகள் கொண்ட ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து, "இதப் போட்டா நிமிஷத்துல விட்டுரும்" என்று அம்மாவிடமும் உடன் இருந்த பெண்களிடமும் கொடுத்தார். காஸ்டிக் சோடா! போட்டதும் அண்டா நுரைத்துப் பொங்கியது; நெடி மூக்கில் ஏறியது. கருகல் ஓரளவு விட்டது உண்மைதான். ஆனால் அண்டாவின் அடி அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாக அரித்துப் போயிற்று. அம்மாவின் விரல் நுனிகளில் தோல் உரிந்தது.

அதன்பின் பதினைந்து நாள்கள் அம்மா சோற்றைக் கையால் பிசைந்து உண்ணவில்லை, கரண்டியால் உண்டார். குழம்பு பட்டால் எரியும்.

"உடனே கையக் கழுவலையாம்மா?" என்று கேட்டேன்.

"கழுவினேன் தம்பி. வேல முடிஞ்சப்புறம்" என்றார்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் எங்கள் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் கரும்பலகையில் ஒரு சமன்பாடு எழுதினார். அலுமினியமும் சோடியம் ஹைட்ராக்சைடும் தண்ணீரும் சேர்ந்தால் சோடியம் அலுமினேட்டும் ஹைட்ரஜன் வாயுவும் கிடைக்கும். அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு சவ்வு. காரம் முதலில் அந்தச் சவ்வைத் தின்கிறது, பின்பு உலோகத்தையே தின்கிறது. நம் தோலின் மேற்பரப்பும் இயல்பில் சிறிது அமிலத்தன்மை உடையது. காரம் அதன் எண்ணெய்ப் பசையை உருவி, தோலையும் கரைக்கிறது. சமன்பாடு சரியாகவே இருந்தது. இரு பக்கமும் எண்ணிப் பார்த்தேன். அணுக்கள் சமமாக இருந்தன. அம்மாவின் கை மட்டும் அதில் எங்கும் இல்லை. பேராசிரியர் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, "எந்த உலோகத்துக்கு எது பகை என்று பட்டியல் எழுது. பிறகு அந்த மண்டபத்திலேயே செய்து பார்" என்றார்.

எழுதினேன், செய்தும் பார்த்தேன். அவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் அலுமினியம். 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எருவும் தனித்தனியே மின்பகுப்பு முறையைக் கண்டறிந்த பிறகே இவ்வுலோகம் மலிவாயிற்று. நம் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக நம்மோடு இருந்தும் அலுமினியத்துக்குக் காரம் ஆகாது என்பது பல அடுக்களைகளுக்கு எட்டவில்லை. காஸ்டிக் சோடா மட்டுமன்று, சலவைச் சோடாவும் ஆகாது. ஆப்பச் சோடாவையும் இதில் நெடுநேரம் கொதிக்கவிடக் கூடாது. கொதிக்கக் கொதிக்க அது சலவைச் சோடாவாக மாறத் தொடங்கும். அலுமினியத்துக்கு ஏற்றது புளி. கருகல் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, லிட்டருக்கு ஓர் எலுமிச்சங்காய் அளவு புளி அல்லது இரண்டு எலுமிச்சை மூடி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் மரக்கரண்டியால் தள்ளினால் போதும். கொதிநீர் கருகலை இளக்குகிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுத்த உலோகத்தை வெளுக்க வைக்கிறது. ஆனால் புளித்தண்ணீரை இரவு முழுதும் அலுமினியத்தில் விட்டுவைக்கலாகாது. மருந்தும் அளவோடுதான்.

அடுத்தது எவர்சில்வர். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் 1913ஆம் ஆண்டில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்து உருக்கிய துருப்பிடிக்காத இரும்பின் வழிவந்தது இது. இதற்குச் சோடா பகையன்று. லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்பச் சோடா இட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, அப்படியே ஊற வைத்தால் கருகல் ஏடு ஏடாக எழும். இதற்குப் பகை உப்பு. தண்ணீர் கொதிக்கும் முன் கல்லுப்பைப் போட்டு, அது கரையாமல் அடியில் கிடந்தால் அங்கே ஊசி குத்தியதுபோல் புள்ளி விழும். அதிகச் சூட்டால் மயில்கழுத்து நிறம் ஏறியிருந்தால் எலுமிச்சை மூடியால் தேய்க்கப் போய்விடும்.

பித்தளை, செம்பு இரண்டுக்கும் புளியும் உப்பும் போதும். பச்சைக் களிம்பு நீங்கிப் பளபளக்கும். ஆனால் உட்புறம் ஈயம் பூசிய பாத்திரமானால் கம்பிச் சுருளைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. ஈயம் பூசுகிறவரின் உழைப்பு ஒரே நாளில் சாக்கடைக்குப் போய்விடும். பிறகு அதில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு வயிற்றுக்குப் போகும். ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கோ துலக்கும் பிரச்சினையே இல்லை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். தண்ணீர் வற்ற அடுப்பில் விட்டால், துலக்கச் சொம்பே இருக்காது!

இரும்புத் தோசைக்கல்லின் கறுப்பைக் கருகல் என்று எண்ணித் தேய்த்து வெளுக்க வைப்போர் உண்டு. அந்தக் கறுப்பு, எண்ணெய் சூட்டில் இறுகி உண்டான காப்பு. அதை எடுத்துவிட்டால் அடுத்த தோசை கல்லைவிட்டு வராது. வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி எண்ணெய் தொட்டுத் தேய்ப்பதே அதற்கு முறை. மண்சட்டிக்கு நுண்ணிய துளைகள் உண்டு. சவுக்காரத்தைக் குடித்துக்கொண்டு மறுநாள் குழம்பில் கக்கும். சூடான கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். ஒட்டாத பூச்சுள்ள இக்காலத் தவாக்களில் இருப்பது 1938இல் ராய் பிளங்கெட் கண்டறிந்த பொருள். அதற்குக் கம்பிச் சுருள் எமன். வெந்நீரும் பீர்க்கங்கூடுமே போதும்.

பால் அடிப்பிடிப்பது தனிக் கதை. சூட்டில் பாலின் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அடியில் படிந்து கெட்டிப்படுகின்றன. புரதத்துக்குக் காரம் வேண்டும். சுண்ணாம்புக்கு அமிலம் வேண்டும். ஆகவே எவர்சில்வர் பால்குண்டானில் முதலில் சோடா இட்டுக் கொதிக்கவிட்டு, அதைக் கொட்டிக் கழுவிய பிறகு புளித்தண்ணீர் விட வேண்டும். பால்பண்ணைகளிலும் குழாய்களை முதலில் காரத்தாலும் பிறகு அமிலத்தாலும்தான் கழுவுகிறார்கள்.

"முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று" என்பதைக் கவனியுங்கள். இன்று கைப்பேசியில் வரும் காணொளிகளில் சோடாவின்மேல் வினிகரை ஊற்றி, நுரை பொங்குவதைக் காட்டி வியக்க வைக்கிறார்கள். நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு. காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிஞ்சுவது பெரும்பாலும் உப்புக்கரைசல்தான். இரண்டு நல்ல வேலைக்காரர்களைச் சண்டையிட வைத்துவிட்டு வேலை நடக்கும் என்று எதிர்பார்ப்பது போன்றது இது. இன்னும் ஒன்று: பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தையும் சேர்க்காதீர்கள். எழுவது குளோரின், அது நுரையீரலை அரிக்கும் நஞ்சு.

இப்பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு முகூர்த்த நாளன்று மண்டபத்தின் பின்கட்டுக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் மூதாட்டி ஒருவர் நான் படித்ததைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்காடா ராசா காலேசு? நாங்க அந்தக் காலத்துல புளிச்சக்கயக் கொட்டவே மாட்டோம். சாம்பலும் புளிச்சக்கயும் இருந்தா போதும்" என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. அவர் சொன்னதில் பிழையே இல்லை. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட்டு இருக்கிறது. அது மென்மையான காரம். எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து சவுக்காரம் போலாகிறது. உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. அது தேய்த்துத் துலக்கும். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் உள்ள சப்போனின் நுரை தரும். காரம், அமிலம், தேய்பொருள், நுரைபொருள் என்று நான்கும் அந்தக் காலத்துக் கொல்லைப்புறத்திலேயே இருந்தன. விறகடுப்பு போனது, சாம்பலும் போனது. புளிச்சக்கை மட்டும் இன்றும் இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்குச் சாம்பாரும் ரசமும் வைத்த பிறகு ஒரு வாளி நிறையக் குப்பைக்குப் போகிறது.

அன்று இரண்டு அலுமினிய அண்டாக்கள் அடிபிடித்து வந்தன. ஒன்று அப்போதுதான் காலியானது. அதில் உடனே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் செய்தேன். மற்றொன்று காலியாகி ஒரு மணி நேரம் ஆகிக் காய்ந்து கிடந்தது. இரண்டிலும் ஒரே அளவு புளிச்சக்கை போட்டு, தண்ணீர் விட்டு, கால் மணி நேரம் கொதிக்கவிட்டோம். காய்ந்த அண்டாவைத் துலக்க அம்மாவுக்கும் மூதாட்டிக்கும் முக்கால் மணி நேரம் பிடித்தது. தண்ணீர் ஊற்றி வைத்த அண்டா பன்னிரண்டு நிமிடத்தில் வெளுத்தது. உலோகம் ஒன்று, புளி ஒன்று, நெருப்பு ஒன்று, கையும் ஒன்று. வேறுபாடு, உரிய நேரத்தில் ஊற்றிய தண்ணீர் மட்டுமே.

அப்படியானால் அந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டியவர் யார்? பாத்திரம் துலக்குகிறவர் அல்லர். அண்டா அவர் கைக்கு வரும்போதே காய்ந்திருக்கிறது. கடைசிக் கரண்டிப் பாயசத்தை எடுத்தவர்தான் ஊற்ற வேண்டும். அவருக்கு அது அரை நிமிட வேலை. அவர் அந்த அரை நிமிடத்தைச் செலவிடாததால் இன்னொருவர் அரை மணி நேரத்தையும் விரல் தோலையும் செலவிடுகிறார். நாம் இதை எந்தப் பாடத்தில் படிப்பது? வேதியியலிலா, பொருளாதாரத்திலா?

இதைச் சமையல் மாஸ்டரிடம் நான் சொல்கிறேன் என்றேன். அம்மா தடுத்தார். "நீ சொன்னா படிச்ச திமிருன்னுவாரு. நானே சொல்றேன்" என்றார். பதினோரு ஆண்டுகளாக அந்தப் பின்கட்டில் வேலை செய்கிறவர் அன்றுதான் முன்கட்டுக்குச் சென்று, "அண்ணே, அண்டா காலியானதும் ஒரு கொடம் தண்ணி ஊத்திட்டுப் போங்கண்ணே. எங்களுக்குக் கை மிஞ்சும்" என்றார். மாஸ்டர் முதலில் சிரித்தார். பிறகு அம்மா நீட்டிய கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அவருடைய ஆட்கள் இப்போது ஊற்றுகிறார்கள். வேறு மாஸ்டர்கள் வரும் நாள்களில் அண்டாக்கள் பழையபடியே காய்ந்து வருகின்றன. அம்மா பழையபடியே போய்ச் சொல்கிறார். காஸ்டிக் சோடாப் பொட்டலம் மட்டும் மறுபடி வரவில்லை. ரப்பர்க் கையுறை கேட்டிருக்கிறார்கள். இதை எழுதும் வரை கிடைக்கவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் விடுதியில் உண்கிறோம். பலர் வீட்டில் தாயோ தமக்கையோ துலக்கி வைத்த தட்டில் உண்கிறோம். பாத்திரம் துலக்குவது பெண்ணின் வேலை என்று எந்த வேதியியல் நூலும் சொல்லவில்லை. ஆண்பிள்ளை கை பட்டால் புளியின் அமிலம் வேலை செய்ய மறுப்பதுமில்லை. என் வீட்டில் இரவுப் பாத்திரங்களை நான் துலக்குகிறேன். இதனால் எனக்கு வந்த குறை ஏதுமில்லை. கரைசல்களின் பாடம் நன்றாக மனத்தில் பதிந்ததுதான் மிச்சம்.

அதுவும் இயலாதென்றால் குறைந்தது இதையாவது செய்யுங்கள். உண்டு முடித்த தட்டையும், நீங்கள் வழித்தெடுத்த குண்டானையும் காயவிட்டுப் போகாதீர்கள். மிகச் சூடாக இருந்தால் சற்று ஆறவிடுங்கள்; கொதிக்கும் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் மெல்லிய தகடு நெளியும்; மண்சட்டி விரிசல் விடும். ஆறியதும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். அதற்குச் சோடா வேண்டாம், புளி வேண்டாம், பட்டமும் வேண்டாம். உங்களுக்குப் பின்னால் அந்தப் பாத்திரத்தைத் தொடப் போகும் ஒருவர் இருக்கிறார் என்ற நினைவு இருந்தால் போதும்.